விண்வெளியில் யாரும் பேசக் கூடாது

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதத்து அமாவாசை அன்று, ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இது நடந்தது. அமாவாசை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதத்தில் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் தறி ஓடாது.

மற்ற நாட்களில் வீட்டின் பின்பாதியில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் அப்படித்தான். நான் பிறந்து வளர்ந்தது சந்தவாசல் பக்கம். அங்கே பெரிய சத்தம் என்றால் டிராக்டர். கல்யாணமாகி வந்த முதல் வாரம், இந்த வீட்டில் எல்லோரும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றே நினைத்தேன். யாரும் பேசவில்லை, கையைக் கையை ஆட்டினார்கள். சத்தத்தில் பேச்சு எடுபடாது, அதனால் பாதிப் பேச்சைக் கையிலேயே முடித்துக்கொள்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் தறியை நிறுத்து. மேலே தூக்கினால் ஓட்டு. ஆள்காட்டி விரலைச் சுற்றினால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் தீர்ந்துவிட்டது, வேறு போடு. இரண்டு கை விரல் நுனிகளையும் ஒட்டவைத்துப் படக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால், டீ எங்கே?

நானும் பழகிவிட்டேன். எனக்கு முன்னால் என் மகள் பழகிவிட்டாள். அதுதான் என் பிரச்சினை.

அவளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு வார்த்தை வரவில்லை. "அம்மா" கூட இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல், கதவைத் திறக்க வேண்டுமென்றால் உள்ளங்கை. அவள் வயதுப் பிள்ளைகள் எதிர்வீட்டு வாசலில் பாட்டுப் பாடிக் கேட்கும்போது இவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்கள். "பேசுவா, இவ அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வயிற்றில் இருக்கும்போது இந்தச் சத்தத்துக்குள் இருந்தது தப்போ? சோறு ஊட்டப் போனைக் காட்டியது தப்போ? ஒரு நாள் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள் என்று கத்தினேனே, அதனால் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாளோ? படித்தவள் இல்லையா, கேள்விக்குக் குறைவே இல்லை.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கையால் கேட்பதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை வாய் திறக்காது என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். அன்றிலிருந்து மகள் கையைக் காட்டும்போதெல்லாம், புரியாதவள் மாதிரி, "வாயால சொல்லு கண்ணு" என்பேன். அவள் திரும்பக் காட்டுவாள். நான் திரும்பச் சொல்வேன். கடைசியில் அழுவாள், கொடுத்துவிடுவேன். கொடுத்தது சரியா தப்பா என்று பிறகு யோசிப்பேன்.

வீடு அமைதியாக இருக்கும் அமாவாசையைப் பயிற்சி நாளாக வைத்திருந்தேன். படம் போட்ட அட்டைகளை வரிசையாகக் காட்டி, "மா-டு, பூ-னை" என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்வேன். அவள் என் வாயை வேடிக்கை பார்ப்பாள்.

அந்த அமாவாசையில்தான் என் கல்லூரித் தோழிகள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்திக்குப் பங்குனியில் கல்யாணம். சென்னையிலிருந்து பட்டுப்புடவை எடுக்க வந்திருந்தாள். இன்னொருத்தி வேலூரில் வேலை பார்ப்பவள், அவளுக்குத் துணை. காலையிலேயே கடைவீதியில் புடவையை முடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு எங்கள் வீடு. வருகிறோம் என்று போனில் சொன்னபோது, மாதத்தில் ஒரே ஒரு பயிற்சி நாள் போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. வாயால் "வாங்கடி வாங்க" என்றேன்.

காலையில் தறிகளுக்குக் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, எல்லோரும் வடை பாயசத்தோடு சாப்பிட்டு முடித்தாயிற்று. ஆண்கள் உள்ளே படுத்துவிட்டார்கள். கல்யாணப் பெண் தன் பையிலிருந்து ஒரு பெரிய பெட்டியை எடுத்துக் கூடத்துத் தரையில் வைத்தாள். பெட்டிமேல் நட்சத்திரங்களும் ஒரு ராக்கெட்டும்.

"வேலை பாக்கற இடத்துல லஞ்ச் டைம்ல இதான் ஆடுவோம். செம ஸ்பீடா இருக்கும். நாலு பேர் வேணும்" என்றாள்.

நாலாவது ஆளாக என் கணவரின் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டோம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அடுப்படியைத் துடைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ராக்கெட்டா? நான் ரயில்லயே நாலு வாட்டிதான் போயிருக்கேன். என்னை எதுக்குமா நேரா மேல அனுப்பறீங்க?" என்று சொல்லிக்கொண்டே, சம்மணம் போட்டு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் இதுதான். எல்லோரும் ஒரே கப்பலில் போகிறோம். நாலு பேர் முன்னாலும் சதுர அட்டைகள் குவிந்திருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சிவப்பு ஒயர் ஓடும். அட்டைகளை நடுவில் இருக்கும் பலகையில் அடுக்கிக் கப்பலைக் கட்ட வேண்டும். பின்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து முன்மூக்கு வரைக்கும் அந்தச் சிவப்புக் கோடு விடாமல் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் செய்ய வேண்டும். முறை வைத்து ஆடுவதெல்லாம் கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் கைவைக்கலாம். நடுநடுவே சீட்டு திருப்ப வேண்டும். விண்கல் வந்தால் ஓர் அட்டை பறிபோகும், உடனே வேறு வைக்க வேண்டும். மணல் தீரும்போது கோடு எங்காவது விட்டிருந்தால் கப்பல் வெடித்துவிடும்.

சீட்டுக்கட்டில் ஒரு கறுப்புச் சீட்டும் உண்டு. அது வந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் ஒரு சத்தம் கூடப் போடக் கூடாது. விண்வெளியில் காற்று இல்லை, சத்தம் போகாது, அதனால். யாராவது வாய் திறந்தால் அந்த நொடியே ஆட்டம் காலி.

முதல் இரண்டு ஆட்டத்தில் நாங்கள் கறுப்புச் சீட்டு வரைக்கும் போகவே இல்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அக்கா ஒவ்வொரு அட்டையையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, புடவைக் கடையில் பார்டர் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜல்தி வைங்கக்கா! மணல் போகுது!"

"இரும்மா, பேஜார் பண்ணாத. டிசைன் ஒத்துப்போவ வேணாமா?"

விண்கல் வந்ததும் வேலூர்க்காரி என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினாள். நான் அவளுடையதைப் பிடுங்கினேன். கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பில் பாயசக் கிண்ணம் சாய்ந்தது. கல்லூரி விடுதி ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. மகள் என் மடியில் உட்கார்ந்து, மணல் இறங்குவதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கப்பல் வெடித்த ஒவ்வொரு தடவையும் கைதட்டினாள். படம் போட்ட அட்டைகள் அன்றைக்கு அலமாரியிலேயே இருக்கின்றன என்பது எனக்கு நடுவில் ஒரு தடவைதான் உறுத்தியது.

மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புச் சீட்டு வந்தது. எல்லோரும் கப்பென்று வாயை மூடினோம். கல்யாணப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மூக்கு வழியாக "ம்ஹ்ஹ்" என்று ஒரு சத்தம் வந்தது. போயிற்று.

நாலாவது ஆட்டத்திலும் வந்தது. இந்தத் தடவை நன்றாகவே போனது. அக்கா என்னைப் பார்த்து ஆள்காட்டி விரலைச் சுற்றினார். அவரிடம் அட்டை தீர்ந்துவிட்டது, வேறு போடு. யோசிக்காமல் என் குவியலிலிருந்து தள்ளிவிட்டேன். தோழிகள் இரண்டு பேரும் கண்ணை உருட்டி எங்களைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம்தான் மணல் பாக்கி. அப்போது மடியிலிருந்த மகள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கட்டைவிரலை வாயில் சாய்த்துக் காட்டினாள். தண்ணீர்.

"வாயால சொல்லு கண்ணு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று பேரும் அட்டைகளைத் தூக்கித் தரையில் எறிந்தார்கள்.

"போச்சு! தண்ணி கேட்டதுக்குக் கப்பலையே கவுத்துட்டா!" என்றாள் வேலூர்க்காரி.

"ஒரு நிமிஷம் வாய மூட முடியலயாடி உனக்கு?" என்று கல்யாணப் பெண் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா எழுந்து போய்க் குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொரு கையில் ஓர் உளுந்து வடை. "ஆ காட்டு" என்றார். எதற்கு என்று கேட்க நான் வாயைத் திறந்ததும் முழு வடையையும் உள்ளே வைத்துவிட்டார். "முழுங்கினியோ பாத்துக்கோ. கப்பல் எறங்கற வரைக்கும் அப்டியே இருக்கணும்."

தோழிகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு, ஆனால் சிரிக்கக்கூட வழியில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அப்படியே ஐந்தாவது ஆட்டம் ஆரம்பித்தது.

கறுப்புச் சீட்டு சீக்கிரமே வந்துவிட்டது. கூடம் அடங்கியது. எட்டுக் கைகள் மட்டும் பலகைமேல் பறந்தன. அக்கா விரலைச் சுற்றினார், நான் தள்ளினேன். தோழிகளும் அதற்குள் அதைப் பிடித்துக்கொண்டு விரலைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். விண்கல் ஒன்று, இன்னொன்று. பறிபோனதை எல்லாம் நிரப்பிவிட்டோம். பலகையில் காலி இடம் எதுவும் இல்லை. கப்பல் முழுசாக நின்றது. அக்கா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கும்பிட்டார். இனி மணல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அப்போது மகள் மடியிலிருந்து இறங்கினாள். பலகையைக் குனிந்து பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் ஒட்டவைத்துப் படக்கென்று பிரித்தாள்.

எனக்கு வழக்கமான வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வடை இருந்தது.

அவள் மறுபடியும் பிரித்துக் காட்டினாள். நூல் அறுந்துவிட்டது. இங்கே ஏது நூல்? எனக்குப் புரியவில்லை. வேறு வழியில்லாமல், தறிக்கூடத்தில் செய்வதுபோல் கையை விரித்து ஆட்டினேன். எங்கே?

அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது? எத்தனையோ நாளாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கதவு திறந்ததுபோல் கண் அகலமானது. பலகைக்கு ஓடி, கல்யாணப் பெண் பக்கத்தில் இருந்த ஓர் அட்டையில் விரலை வைத்தாள். பார்த்தேன். அவசரத்தில் அந்த அட்டையைக் குறுக்கே வைத்திருந்தோம். இடம் நிரம்பியிருந்ததால் நாங்கள் நாலு பேரும் கவனிக்கவில்லை. சிவப்புக் கோடு இரண்டு பக்கமும் வந்து அங்கே சேராமல் நின்றது.

நூல்தான். அறுந்துதான் இருந்தது.

அட்டையைத் திருப்பி வைத்தேன். கோடு சேர்ந்தது. மகள் குனிந்து சரிபார்த்தாள். பிறகு எங்கள் வீட்டில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டபின் செய்வதுபோல், உள்ளங்கையை மேலே தூக்கினாள். ஓட்டு. கடைசி மணல் இறங்கியது.

அதற்கப்புறம் எழுந்த கூச்சலில் உள்ளே படுத்திருந்த ஆண்கள் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அக்கா குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினார். கல்யாணப் பெண் பலகையைக் கட்டிக்கொண்டாள். நான் மட்டும் வாய் நிறைய வடையோடு அழுதுகொண்டிருந்தேன். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை.

"இன்னாடி இது, ஜெயிச்சதுக்குப் போயி அழுதுகினு இருக்க?" என்றார் அக்கா.

எப்படியோ விழுங்கினேன். "அக்கா, இவ பேசிட்டா."

"பேசினாளா? எப்போ? எனக்குக் கேக்கலயே!" அக்கா குழந்தையின் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

விரல்களைப் பிரித்துக் காட்டினேன்.

"அட, இதுவா! என் வளையல் ஒடைஞ்ச அன்னிக்கும் இதயேதான் காட்டினா. சிரிச்சினே போயிட்டேன்" என்றார் அக்கா.

வளையலுக்கும் சொல்லியிருக்கிறாள். எனக்கு இன்னும் அழுகை வந்தது. ராக்கெட்டை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள். ஒயர் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து, தெரியாத ஒரு பொருளுக்குச் சரியாகப் பொருத்தி, என்னிடம் வந்து சொல்லி, புரியவில்லை என்றதும் இடத்தைக் காட்டி, வேலை முடிந்ததும் ஓட்டு என்று உத்தரவும் போட்டாள். பேச்சு என்பது வேறு என்ன? இவளுக்குள் ஒன்றுமே இல்லையோ என்று ராத்திரியெல்லாம் பயந்துகொண்டிருந்தேனே, உள்ளே இவ்வளவு இருந்திருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தூக்கினாள். மறுபடி ஓட்டு. நானும் தூக்கினேன். அன்றைக்குத் தோழிகள் பிடிக்க இருந்த பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போயிற்று. எத்தனை ஆட்டம் என்று தெரியாது. ஜெயித்தது கொஞ்சம்தான்.

போகும்போது கல்யாணப் பெண் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க கேப்டன்கிட்டயே இருக்கட்டும்" என்று மகளின் கையில் கொடுத்துவிட்டாள்.

அடுத்த மாதம் வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். கையால் பேசவிட்டது தப்பா என்றும் கேட்டேன். அவர் மகளோடு கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்தார். கையைத் தடுக்க வேண்டாம், அவள் கை காட்டும்போது நீங்கள் அதற்குக் கையாலும் பதில் சொல்லுங்கள், கூடவே வாயாலும் சொல்லுங்கள் என்றார். பயிற்சிக்கும் விடாமல் வரச் சொன்னார். போய்க்கொண்டிருந்தோம். படம் போட்ட அட்டைகளை நான் தூக்கிப் போடவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். என் சுபாவம் அப்படி.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், அப்படிப் பயிற்சிக்குப் போகும் ஒரு நாள், ஆரணி பஸ் நிலையத்தில் கூட்டத்தில் யாரோ மிதித்து என் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. பஸ் கிளம்பப் போகிறது. நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு விழித்தேன். மகள் குனிந்து செருப்பைப் பார்த்தாள். விரல்களை ஒட்டவைத்துப் பிரித்தாள். கூடவே அவள் வாயும் திறந்தது.

"அந்துச்சு."

அம்மா என்று வரும் என எதிர்பார்த்துக் காத்திருந்த எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை அதுதான். நான் பிய்ந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, "ஆமாண்டி கண்ணு, அந்துச்சு, அந்துச்சு!" என்று சிரித்ததைப் பார்த்த கண்டக்டர் என்ன நினைத்தாரோ. அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

இப்போது எல்.கே.ஜி. போகிறாள். வகுப்பில் வாயே ஓய்வதில்லை என்று டீச்சர் குறைப்பட்டுக்கொள்கிறார். அமாவாசை வந்தால் எங்கள் கூடத்தில் அந்தப் பெட்டி திறக்கும். எதிர்வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கறுப்புச் சீட்டு வந்தால் எங்கள் தெருவை ஜெயிக்க யாராலும் முடியாது. ஆனால் முதலில் சத்தம் போட்டு ஆட்டத்தைக் கெடுப்பது எப்போதும் என் மகள்தான்.

நான் ஒன்றும் மாறிவிடவில்லை. இவ்வளவு பேசுகிறாளே, இது சரியா என்று இப்போது அதற்கும் கவலைப்படுகிறேன். ஆனால் அவள் ஏதோ சொல்லவந்து தடுமாறும்போது நான் குறுக்கே புகுந்து எடுத்துக் கொடுப்பதில்லை. என் வாயில் ஒரு முழு வடை இருப்பதாக நினைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மீதியை அவளே சொல்லிவிடுகிறாள்.